வாசகர் கேள்வி–பதில்: சொந்தமாக ஒரு சூப்பர் ஹீரோ

சொந்தக் கற்பனையில் உருவான சூப்பர் ஹீரோவாக வேடமிட்டுப் போட்டியில் இறங்குவது பற்றிக் கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். உடை தைப்பவர், கவசம் செய்பவர், இளைஞர் மன்றங்களுக்குப் போட்டி நடத்துபவர் என மூவர் சேர்ந்து எழுதிய பதில்கள்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆளுக்கொரு சூப்பர் ஹீரோவைச் சொந்தமாக உருவாக்கிக்கொண்டு வந்து போட்டியிட்டார்களாமே? அது என்ன நிகழ்ச்சி? அடிதடியில் ஜெயிப்பவர்தான் வெற்றியாளரா?
— செந்தூல் வாசகர்

நிகழ்ச்சியின் பெயர் 'ஹூ வான்ட்ஸ் டு பி எ சூப்பர் ஹீரோ?' 2006 ஜூலையில் அமெரிக்காவின் சை-ஃபை சேனலில் தொடங்கியது. 2007இல் இரண்டாம் பருவம் வந்தது. நடுவராக இருந்து ஒவ்வொருவராக வெளியேற்றியவர் ஸ்டான் லீ. ஸ்பைடர்மேனையும் எக்ஸ்-மென்னையும் ஓவியர்களோடு சேர்ந்து உருவாக்கிய அதே ஸ்டான் லீதான். 2018இல் தம் 95ஆம் வயதில் காலமானார். பெரும்பாலும் ஒரு திரையில் தோன்றித்தான் போட்டியாளர்களோடு பேசுவார். வென்றவரின் பாத்திரத்தை வைத்து ஸ்டான் லீ எழுத, டார்க் ஹார்ஸ் பதிப்பகம் காமிக் புத்தகம் வெளியிடும். சை-ஃபை சேனலின் படமொன்றில் அந்தப் பாத்திரமாகவே தலைகாட்டலாம். முதல் பருவத்தில் வென்றவர் ஃபீட்பேக், இரண்டாம் பருவத்தில் டிஃபியூசர்.

அடிதடிக்கு அங்கே வேலையே இல்லை. முதல் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். யார் கண்ணிலும் படாமல் உடை மாற்றிக்கொண்டு இலக்கை நோக்கி ஓட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வழியில் ஒரு சிறுமி அம்மாவைக் காணோம் என்று அழுதுகொண்டிருந்தாள். உண்மையான சோதனை அந்தச் சிறுமிதான். பலர் அவளைக் கடந்து ஓடினார்கள், சிலர்தான் நின்றார்கள். காவல் நாய்கள் இருந்த வீட்டுக் கொல்லையைத் தடித்த பாதுகாப்பு உடையோடு கடக்கச் சொன்ன சோதனையிலும், நாய் இழுத்துத் தள்ளும்போது கைவிடாமல் தவழ்ந்து போகிறாரா என்பதைத்தான் பார்த்தார்கள். கையில் பெரிய துப்பாக்கியோடு வந்த அயர்ன் என்ஃபோர்சர், ஆளைக் கொல்லத் தயங்காத பாத்திரமாகத் தன்னைக் காட்டிக்கொண்டதால் வெளியேறினார். பிறகு அவரையே டார்க் என்ஃபோர்சர் என்ற வில்லனாக்கி மறுபடி உள்ளே கொண்டுவந்தார்கள். தன் பாத்திரத்தைப் பொம்மையாக விற்றுச் சம்பாதிப்பது பற்றிப் பேசிய லெவிட்டியும் வெளியேறினார். எங்கள் கணிப்பில் இந்த நிகழ்ச்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது: மார்க் போடுகிறார்கள் என்று தெரியாத நேரத்தில் இவர் என்ன செய்கிறார்?

எங்கள் மன்றத்தில் 16 முதல் 20 வயது வரை 12 பேரை வைத்து இப்படி ஒரு போட்டி நடத்தப் போகிறோம். அந்த மறைமுகச் சோதனையை எப்படி ஏற்பாடு செய்வது? போன முறை முயன்றபோது நாலாவது ஆளுக்கே விஷயம் தெரிந்துவிட்டது.
— பிரிக்பீல்ட்ஸ் இளைஞர் மன்றப் பொறுப்பாளர்

விஷயம் கசிவது காத்திருக்கும் இடத்தில்தான். முடித்தவரும் முடிக்காதவரும் ஒரே அறையில் இருக்கவே கூடாது. இரண்டு அறை வேண்டும், இரண்டுக்கும் தனித்தனிக் கதவு வேண்டும். கைப்பேசிகளைக் காலையிலேயே உறையில் போட்டுப் பெயர் எழுதி வாங்கி வைத்துவிடுங்கள். கழிவறை பொதுவானது என்றால் அங்கேயும் ஒருவர் நிற்கட்டும். கசிவு பெரும்பாலும் அங்கேதான் நடக்கும்.

அடுத்தது, மேலே காட்டும் பொய்ப் போட்டி. அது உண்மையிலேயே மும்முரமாக இருக்க வேண்டும். பின்வாசலில் புறப்பட்டு, வழியில் ஒரு மறைவில் உடை மாற்றி, முன்வாசலில் கட்டிய மணியை 4 நிமிடத்துக்குள் அடிக்க வேண்டும் என்று வையுங்கள். பெரிய கடிகாரம் கண்ணில் படட்டும். நேரம் தாராளமாக இருந்தால் எல்லோரும் நின்று உதவுவார்கள். அப்புறம் யாரை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? முதலில் உங்கள் ஆட்களில் இருவரை ஓடவிட்டுப் பாருங்கள். நிற்காமல் ஓடினால் 30 வினாடி மிச்சம், நின்றால் நிச்சயம் நேரம் தவறும் என்ற கணக்கில் தூரத்தைச் சரிசெய்யுங்கள்.

உதவி தேவைப்படுபவராகப் பெரியவர் ஒருவரையே நடிக்க வையுங்கள். பிளாஸ்டிக் பை கிழிந்து, வாங்கிய ஆரஞ்சுகள் உருண்டு கிடக்க, குனிய முடியாமல் நிற்கும் ஓர் அம்மா போதும். குழந்தையை வைத்தால் 12 முறை அழுது நடிப்பது அதற்குப் பெரும் பாடு. கட்டாயம் குழந்தைதான் வேண்டுமென்றால் பெற்றோர் 3 மீட்டருக்குள் இருக்க வேண்டும். நாலு பேருக்கு ஒரு முறை ஓய்வு தர வேண்டும்.

இடம் முக்கியம். பாதையில் மூன்றில் இரண்டு பங்கு தாண்டிய இடத்தில், ஓடுபவருக்கு 2 மீட்டர் பக்கத்தில் அவர் நிற்கட்டும். பாதையை மறித்தால் எல்லோரும் நின்றாக வேண்டிவரும். 10 மீட்டர் தள்ளி நின்றால் குரலே கேட்காது. "தம்பி, கொஞ்சம் இருங்க" என்று இரண்டே முறை, ஒரே குரலில், எல்லோரிடமும் சொல்ல வேண்டும். நடிப்பவர்கள் ஏழெட்டாவது முறையில் தம்மை அறியாமல் குரலை உயர்த்தி நடிப்பைக் கூட்டிவிடுவார்கள். கடைசியில் வருபவர்களுக்கு அது லாபமாகிவிடும். மூன்று பேருக்கு ஒரு முறை ஒளிப்பதிவைப் போட்டுக்காட்டித் திருத்துங்கள்.

எல்லாவற்றையும்விடக் கவனம் தேவைப்படுவது விதியைச் சொல்லும் வாக்கியம். "பாதையை விட்டு விலகக் கூடாது", "எதற்கும் நிற்காதீர்கள்" என்று வாய்தவறியும் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால், நிற்காமல் போனவர் உங்கள் பேச்சைக் கேட்டவர் ஆகிவிடுவார். அவரைக் குறை சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. "4 நிமிடத்துக்குள் மணி அடிக்க வேண்டும்" என்பதோடு நிறுத்துங்கள்.

10 மதிப்பெண்ணில், நின்றதற்கு 2, என்ன வேண்டும் என்று கேட்டதற்கு 2, கடைசிப் பழம் பைக்குள் போகும் வரை இருந்ததற்கு 6. பாதியில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஓடினால் அந்த 6இல் 2 மட்டும் கொடுங்கள். நேரத்துக்கு மார்க்கே கிடையாது. உண்மையைச் சொல்வதற்கு முன் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, "வழியில் யாரையாவது பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். பதற்றத்தில் பார்க்கவே இல்லை என்பவரும் உண்டு, பார்த்தும் போனவரும் உண்டு. இருவரும் ஒன்றல்ல. முடிவை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்லுங்கள். பெயர் சொல்லி அவமானப்படுத்த வேண்டாம்.

கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் போன்ற பொது இடத்தில் இதைச் செய்யாதீர்கள். வழிப்போக்கர்கள் உண்மையென்று நம்பி ஓடிவருவார்கள், பாதுகாவலர் வருவார், எல்லாம் கெட்டுப்போகும். மண்டப வளாகத்துக்குள் வையுங்கள், வாசல் காவலரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படம் எடுப்பதற்கு எழுத்து மூலம் சம்மதம் வாங்குங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

இந்தச் சோதனை ஒரே ஒரு முறைதான் பலிக்கும். அடுத்த சுற்றில் ஓரமாக நிற்கும் எல்லா ஆட்களுக்கும் உதவ ஓடுவார்கள். அதனால் இரண்டாம் சுற்றை வெளிப்படையாகவே வையுங்கள்: இருவர் சேர்ந்து 10 லிட்டர் தண்ணீர் வாளியைச் சிந்தாமல் மூன்று மாடி ஏற்ற வேண்டும். தளர்ந்துபோகும் கூட்டாளியிடம் மற்றவர் எப்படிப் பேசுகிறார் என்பதை நடுவர் குறித்துக்கொள்ளட்டும்.

எனக்கு 98 கிலோ. இறுக்கமான உடை போட்டால் சிரிப்பார்கள் என்று பயம். கலந்துகொள்ளலாமா?
— கெப்போங் வாசகி

தாராளமாகக் கலந்துகொள்ளுங்கள். மேலே சொன்ன நிகழ்ச்சியின் முதல் பருவத்தில் இறுதிவரை வந்து இரண்டாம் இடம் பிடித்தவர் ஃபேட் மாமா என்ற பாத்திரம். உடல் பருமனுக்காகக் கேலி செய்யப்படுவோருக்குத் துணை நிற்பவராகவே அவர் தன்னை அமைத்துக்கொண்டார். உடை இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தோளிலிருந்து விழும் நீண்ட மேலங்கி, அகலமான இடுப்புப்பட்டை, முழங்கால் வரை வரும் காலணி: இந்த மூன்றும் எந்த உடம்புக்கும் கம்பீரம் தரும்.

என்ன யோசித்தாலும் ஏற்கெனவே வந்த ஏதோ ஒரு ஹீரோ மாதிரியே இருக்கிறது. புதிதாக எப்படி யோசிப்பது?
— ஆயர் ஈத்தாம் வாசகர், பினாங்கு

சக்தியிலிருந்து தொடங்குவதால் வரும் சிக்கல் இது. பறப்பது, மறைவது, மின்னல் விடுவது எல்லாவற்றையும் யாரோ எடுத்தாகிவிட்டது. ஒரு வேலையிலிருந்து தொடங்குங்கள். நம் தாத்தா பாட்டிகள் செய்த வேலை ஒன்றே ஒரு ஹீரோவுக்குப் போதும். பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டுவதை எடுத்துக்கொள்வோம்.

விடிவதற்கு முன்பே நெற்றி விளக்கோடு நிரைக்குள் போவார்கள். ஏன் அவ்வளவு சீக்கிரம்? இரவில் மரத்துக்குள் நீரழுத்தம் ஏறியிருக்கும். வெயில் ஏற ஏற அது குறைந்து பால் ஓடுவதும் குறையும். ஆக, உங்கள் ஹீரோவின் பலம் விடியலுக்கு முன் உச்சத்தில் இருக்கும், காலை பத்து மணிக்குமேல் தளரும். பால் ஏன் வருகிறது? பட்டையில் வெட்டு விழுந்ததால். மரம் தன் காயத்தை மூடிக்கொள்ளும் வழி அது. ஆக, இவர் காயம் பட்டால்தான் சக்தி வரும். வெட்டுப்பட்ட இடத்தில் வெள்ளையாகக் கசிந்து, இறுகி, கவசமாகும். ஒவ்வொரு முறையும் முதலில் வலியைத் தாங்க வேண்டும். அந்தப் பாலைக் கையிலிருந்து பீய்ச்சவிடாதீர்கள்; உடனே ஸ்பைடர்மேன் ஞாபகம் வந்துவிடும்.

பலவீனத்தையும் அதே வேலையே தருகிறது. பாலை உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். அதே அமிலம் முசுறு எறும்பிடம் இயற்கையாகவே இருக்கிறது. நகரத்தையே காப்பாற்றும் வீரன் ஒரு முசுறுக் கூட்டின் முன்னால் இறுகிப்போய் அசையாமல் நிற்பான்! உறையாமல் காக்க அம்மோனியா சேர்ப்பது வழக்கம். அது இவர் இடுப்பில் வைத்திருக்கும் மாற்று மருந்து. சின்னம் வேண்டுமா? மார்பில் இடமிருந்து வலமாகச் சரியும் வெட்டுக்கோடு ஒன்று, அதன் முனையில் ஒரு சொட்டு, கீழே மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்). தொலைவிலிருந்தும் தெரியும், வேறு எவருக்கும் பொருந்தாது.

உங்களுக்குத் தெரிந்த வேலையை இதே மாதிரி குடைந்து பாருங்கள். துறைமுகம், ரயில்வே, மாட்டுப்பட்டி, பூக்கடை என்று எதுவும் ஆகும். எப்போது பலம், எதனால் தளர்ச்சி, சக்திக்கு என்ன விலை கொடுக்கிறார், யாருக்காக நடுராத்திரியில் எழுந்து போவார்: இந்த நாலுக்கும் ஒவ்வொரு வரியில் பதில் எழுத முடிந்தால் பாத்திரம் தயார். எழுத முடியாவிட்டால் துணி வாங்கப் போகாதீர்கள்.

முருகனின் வேலோடு ஒரு ஹீரோ உருவாக்கி, பத்துமலைப் படிகளில் அறிமுக வீடியோ எடுக்கலாமா?
— பத்துமலை வாசகர்

வேண்டாம். அந்த 272 படிகளும் கும்பிட வருபவர்களுக்கு உரியவை. முகமூடியோடு ஒருவர் அங்கே ஓடி நடித்தால் பக்தர்கள் மனம் நோகும், தொலைக்காட்சி நிலையமும் அந்த வீடியோவைத் தொடாது. தெய்வத்தை நேரடியாகப் பாத்திரமாக்கினால் கதைக்கும் இழப்புதான்: தெய்வத்துக்குப் பலவீனம் எழுத முடியாது, தோல்வி எழுத முடியாது. நேர்த்திக்கடனைக் கடைசிவரை நிறைவேற்றும் ஒரு சாதாரண மனிதனை ஹீரோவாக்குங்கள். சிலம்பம் தெரிந்தவர் என்றால் நெற்றி உயரத்துக்கு ஒரு பிரம்புக் கம்பு போதும், வேல் தேவையில்லை.

10 மி.மீ. ஃபோம் பாயில் மார்புக் கவசம் செய்தேன். ஒட்டிய இடம் மறுநாளே பிளந்துவிட்டது. தோள் மடங்கும் இடத்தில் பெயிண்டும் வெடித்தது. என்ன தவறு?
— ஜோர்ஜ்டவுன் வாசகர்

பிளந்ததற்குப் பெரும்பாலும் அவசரமே காரணம். ஃபோமுக்கு ஏற்றது செருப்பு ஒட்டப் பயன்படும் மஞ்சள் கான்டாக்ட் பசை. ஹார்ட்வேர் கடையில் டின்னாகக் கிடைக்கும். இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசி, காயவிட்டு, அப்புறம்தான் சேர்க்க வேண்டும். ஈரமாகச் சேர்த்தால் உள்ளே மாட்டிக்கொண்ட கரைப்பான் வெளியேற வழியின்றிப் பசை பஞ்சு மாதிரி ஆகிவிடும். சாதாரணமாக 5 முதல் 10 நிமிடம். மழை பெய்து ஈரக்காற்று அடிக்கும் நாளில் 15 நிமிடம்கூட ஆகும். கடிகாரத்தை நம்பாமல் விரலின் பின்புறத்தால் தொட்டுப் பாருங்கள்: பிசுக்கென்று இருக்க வேண்டும், நூல் இழுக்கக் கூடாது. வெட்டிய ஓரம் பசையை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே ஓரங்களுக்கு முதல் பூச்சு காய்ந்தபின் இன்னொரு பூச்சு கொடுங்கள். பாயின் வழவழப்பான பக்கத்தில் ஒட்டுவதானால் 120 எண் மணல்தாளால் தேய்த்துவிட்டுப் பூசுங்கள். இந்தப் பசை தொட்டால் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. வளைந்த விளிம்புகளை நடுப்புள்ளியில் தொடங்கி இரு பக்கமும் சேர்த்துக்கொண்டு போனால் கோணாது.

இன்னொன்று, தட்டையாக ஒட்டிவிட்டுப் பிறகு உடம்புக்கு வளைத்திருப்பீர்கள். அப்படிச் செய்தால் இழுவை முழுவதும் ஒட்டிய விளிம்பில் விழும். ஒவ்வொரு துண்டையும் ஒட்டுவதற்கு முன்பே ஹீட் கன்னால் (சூடான காற்றை ஊதும் கருவி) சூடாக்குங்கள். மேற்பரப்பு இலேசாகப் பளபளக்கத் தொடங்கும்போது தொடைமேல் வைத்து வளைத்து, ஆறும்வரை பிடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பளபளப்பு ஃபோமின் நுண்துளைகள் மூடிக்கொண்டதற்கு அடையாளம். வண்ணம் நன்றாகப் பிடிப்பதற்கும் அது வேண்டும். கத்தி மழுங்கினால் ஃபோம் வெட்டுப்படாது, கிழியும். அந்த ஓரத்தை எந்தப் பசையும் காப்பாற்றாது. அலகை அடிக்கடி மாற்றுங்கள்.

பெயிண்ட் வெடித்ததற்குக் காரணம், வளையும் பொருள்மேல் வளையாத பூச்சு. வெள்ளைப் பிவிஏ பசையில் சம அளவு தண்ணீர் கலந்து, மெல்லியதாக 4 அல்லது 5 பூச்சு, ஒவ்வொன்றும் முழுதாகக் காய்ந்தபின் அடுத்தது. அதன்மேல் அக்ரிலிக் வண்ணம். செலவழிக்க முடிந்தால் ரப்பர் பூச்சு ஸ்ப்ரே இன்னும் நல்லது. ஆனால் தோள்மூட்டு போல முழுதாக மடங்கும் இடத்தில் எந்தப் பூச்சும் நிலைக்காது. அங்கே கவசத்தை இரண்டு தகடாகப் பிரித்து, உட்புறம் 25 மி.மீ. எலாஸ்டிக் பட்டையால் இணையுங்கள். தகடு நகரும், வண்ணம் தப்பும்.

அளவு எடுக்க, பழைய டீசட்டைக்கு மேல் பிளாஸ்டிக் தாளை இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேல் காகித டேப் ஒட்டி, கோடு வரைந்து வெட்டி எடுங்கள். வெட்டுவதற்கு முன்பே கோடுகளுக்குக் குறுக்காக 5 செ.மீ.க்கு ஓர் அடையாளம் போட மறக்காதீர்கள். எந்த விளிம்பு எதோடு சேரும் என்பதை அதுதான் சொல்லும்.

பசை ஆவி தீப்பற்றக்கூடியது. பசை டின் திறந்திருக்கும்போது ஹீட் கன் பக்கத்திலேயே வரக் கூடாது. அடுக்குமாடி வீட்டில் சன்னலை மூடிக்கொண்டு பூசாதீர்கள். சாதாரண முகக்கவசம் தூசியைத் தடுக்குமே தவிர ஆவியைத் தடுக்காது. வெள்ளைத் தெர்மோகோலில் இந்தப் பசையைப் பூசினால் அது கரைந்து குழியாகிவிடும்.

தையல் தொழில் செய்கிறேன். தம்பிக்கு ஸ்பான்டெக்ஸ் துணியில் முழு உடை தைத்தேன். கையைத் தூக்கினால் அக்குளில் தையல் விட்டுப்போகிறது. இடையிடையே தையல் விழாமலும் போகிறது.
— மஸ்ஜித் இந்தியா வாசகி

தையல் விழாமல் போவது ஊசியால். சாதாரண ஊசி இந்தத் துணியைத் துளைக்காமல் தள்ளிக்கொண்டு போகும். ஸ்ட்ரெட்ச் ஊசி 75/11 போடுங்கள். பருத்தி நூல் வேண்டாம், பாலியஸ்டர் நூல். நேர்த்தையல் இழுத்தால் அறுந்துவிடும். சிறிய ஜிக்ஜாக் அல்லது ஓவர்லாக். தைக்கும்போது துணியை இழுக்காதீர்கள், பிறகு அலை அலையாக நிற்கும்.

அக்குளில் விடுவதற்கு வேறு காரணம். உடையின் மொத்த நீளம் போதவில்லை. மார்பு, இடுப்பு அளவுகளைச் சரியாக எடுப்பவர்கள் பலரும் எடுக்காமல் விடும் அளவு ஒன்று உண்டு: தோளில் தொடங்கி, கால் இடுக்கு வழியாகச் சென்று, பின்புறமாக அதே தோளுக்கு வரும் சுற்றளவு. அது குறைந்தால் கையைத் தூக்கும்போது உடை முழுவதும் கீழிருந்து இழுபடும், முதலில் விடுவது அக்குள். அந்த அளவை 5 சதவீதத்துக்குமேல் குறைக்காதீர்கள். சுற்றளவில் 10 முதல் 12 சதவீதம் குறைக்கலாம்: மார்பு 100 செ.மீ. என்றால் துணி 88 அல்லது 90. இப்போதைய உடையைக் காப்பாற்ற, அக்குளில் 10 செ.மீ. சாய்சதுர ஒட்டு ஒன்று வையுங்கள்.

அடுத்த முறை துணி எடுக்கும்போது நாலு பக்கமும் இழுபடுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். 10 செ.மீ. மடிப்பை இழுத்தால் 15 வரை போய், விட்டதும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாத துணி ஒரு மணி நேரத்தில் முட்டியில் தொங்கும். சாம்பல் நிறம் வேண்டவே வேண்டாம், வியர்வை அப்படியே காட்டிக்கொடுக்கும். முதுகு ஜிப் கழுத்திலிருந்து இடுப்புக்குக் கீழ் வரை இறங்கட்டும்; போட்டி நாளன்று கழிவறைக்குப் போக வேண்டுமே.

தலைக்கவசத்தின் கண்ணாடியில் புகை படிகிறது. மார்பில் வைத்த எல்இடி விளக்கும் சில வினாடியில் அணைந்துவிடுகிறது. பவர் பேங்க் புதியதுதான்.
— செராஸ் வாசகர்

மூச்சின் ஈரம் வெளியேற வழியில்லாததால் புகை படிகிறது. வாய்க்குக் கீழே ஒரு துளை, உச்சியில் ஒரு துளை. சூடான காற்று மேலே ஏறி வெளியேறும். உச்சித் துளையில் 40 மி.மீ., 5 வோல்ட் விசிறியைக் காற்றை வெளியே தள்ளும்படி பொருத்துங்கள். மூக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு ஃபோம் பட்டை வைத்தால் மூச்சு நேராகக் கண்ணாடியில் படாது. பாத்திரம் கழுவும் சவர்க்காரம் ஒரு சொட்டைத் தடவி, உலர்ந்த துணியால் துடைத்தாலும் கொஞ்ச நேரம் தாங்கும்.

விளக்கு விஷயம் எளிய கணக்கு. ஒவ்வொரு விளக்கும் தனியாக நிறம் மாறும் 5 வோல்ட் பட்டையில் மீட்டருக்கு 60 விளக்கு என்றால், முழு வெள்ளையில் ஒவ்வொன்றும் 60 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். மொத்தம் 3.6 ஆம்பியர். பல பவர் பேங்குகள் 5 வோல்ட்டில் 2.1 முதல் 3 ஆம்பியர் வரைதான் தரும். மீறினால் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். பிரகாசத்தை 30 சதவீதத்துக்குக் குறையுங்கள். மேடையில் அதுவே கண் கூசும்; 10,000 மில்லிஆம்பியர்-மணி பவர் பேங்க் ஐந்து மணி நேரம் வரை வரும். இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு: இரண்டே விளக்கு வைத்தால், எதுவும் இணைக்கப்படவில்லை என்று நினைத்துச் சில பவர் பேங்குகள் அணைந்துவிடும். விசிறியையும் அதிலேயே இணைத்தால் சரியாகிவிடும். கம்பி இணைப்புகளில் ஈரம் புகாதபடி, சூடாக்கினால் சுருங்கும் குழாய் போடுங்கள், வியர்வை செம்பை அரித்துவிடும்.

என் பாத்திரத்துக்கு உண்மைத் துப்பாக்கி போலவே ஒன்று செய்து வைத்திருக்கிறேன். கொண்டுபோகலாமா?
— பட்டர்வொர்த் வாசகர்

கூடாது. உண்மை போலத் தோன்றும் போலித் துப்பாக்கியை வைத்திருப்பதே 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் வில்லங்கம். மேடைக்கு வெளியே ரயிலிலோ ஃபெரியிலோ யாராவது பார்த்தால் போலீஸ் வரும். கலைத்துவிடுங்கள். அயர்ன் என்ஃபோர்சரின் கதையையும் மேலே படித்தீர்கள்.

பாடாங் கோத்தா லாமாவில் நண்பகலில் அணிவகுப்பு. முழுக் கவசத்தோடு எவ்வளவு நேரம் தாங்கும்?
— பினாங்கு வாசகி

அரை மணி நேரத்துக்குமேல் வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றில் வியர்வை ஏற்கெனவே மெதுவாகத்தான் ஆவியாகும்; ஃபோம் அதையும் தடுத்துவிடும். உடம்பு சூடு தணிய வழியே இருக்காது. 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு குவளை தண்ணீர், தாகம் எடுக்காவிட்டாலும். உள்ளே பருத்தி பனியன் நனைந்து ஒட்டிக்கொள்ளும். விளையாட்டு வீரர்கள் போடும் மெல்லிய பாலியஸ்டர் பனியன் மேல். கூடவே ஒருவர் வேடமில்லாமல் வரவேண்டும். தலைக்கவசத்தை அவர் ஒரே கையால் கழற்ற முடிகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் நிழலுக்குப் போய்க் கவசத்தைக் கழற்றுங்கள். பேச்சு குழறினால், ஆள் யார் என்று தெரியாமல் பேசினால், 999க்கு அழைத்துவிட்டு உடம்பில் தண்ணீர் ஊற்றிக் குளிர்வியுங்கள்.

நான் உருவாக்கிய ஹீரோவை நிகழ்ச்சி நடத்துபவர்கள் எடுத்துக்கொள்ள முடியுமா? எனக்கு 17 வயது.
— ஸ்தாப்பாக் வாசகர்

தம்பி, வரைந்து, எழுதி, ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்த அந்தக் கணமே காப்புரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. 1987ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் பதிவு எதையும் கட்டாயமாக்கவில்லை. உங்கள் ஆயுள் முழுவதும், அதன்பின் 50 ஆண்டும் அது நீடிக்கும். ஆதாரம் வேண்டுமானால் மைஐபிஓ என்ற அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தில் விருப்ப அறிவிப்புச் செய்யலாம். ஆனால் வெறும் எண்ணத்துக்குப் பாதுகாப்பு இல்லை. 'ரப்பர் சக்தி கொண்ட வீரன்' என்று வாயால் சொன்னதை யாரும் எடுக்கலாம்; நீங்கள் வரைந்த உருவத்தை, எழுதிய கதையை எடுக்க முடியாது. படிவம் அனுப்புவதற்கு முன் முழு உருவப்படமும் இரண்டு பக்கக் கதையும் தேதியோடு தயாராக இருக்கட்டும்.

உரிமை கைமாறுவது ஒப்பந்தத்தில்தான். 'எல்லா உரிமைகளையும் நிரந்தரமாக ஒப்படைக்கிறேன்' என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். அதற்குப் பதிலாக 'இந்த நிகழ்ச்சியிலும் அதன் விளம்பரத்திலும் பயன்படுத்த அனுமதிக்கிறேன்' என்று மாற்றித் தரக் கேளுங்கள். மறுத்தால், உங்களுக்கு மிகவும் பிடித்த பாத்திரத்தை வீட்டில் வைத்துவிட்டு இன்னொன்றை உருவாக்கிக் கொண்டுபோங்கள். 18 நிறையாததால் நீங்கள் தனியாக ஒப்பந்தம் செய்ய முடியாது. அம்மாவோ அப்பாவோ படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

'சூப்பர் ஹீரோ' என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாது என்று யாராவது பயமுறுத்தினால்: மார்வெல், டிசி என்ற இரு காமிக் நிறுவனங்களும் அமெரிக்காவில் கூட்டாக வைத்திருந்த அந்த வணிகச் சின்னப் பதிவு 2024இல் ரத்தாகிவிட்டது.

தமிழ்ப்பள்ளியில் 9, 10 வயதுப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு போட்டி வைக்கிறோம். வெளியேற்றினால் அழுகிறார்கள். என்ன செய்யலாம்?
— ஜின்ஜாங் ஆசிரியை

பிரிட்டனில் சிபிபிசி குழந்தைகள் சேனல் 2009இல் இதே நிகழ்ச்சியைப் பிள்ளைகளை வைத்தே நடத்தியது. தொலைக்காட்சிக்கு வெளியேற்றம் தேவைப்படலாம், பள்ளிக்குத் தேவையில்லை. நாலு நாலு பேராகக் குழு பிரியுங்கள்; மதிப்பெண் குழுவுக்குத்தான். ஒவ்வொரு பிள்ளையின் சக்தியும் குழுவில் ஏதாவது ஒரு சோதனைக்குக் கட்டாயம் தேவைப்படும்படி சோதனையை நீங்கள் அமைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முதல் வாரமே பாத்திரத் தாள்களை வாங்கிப் படித்துவிட வேண்டும். ஒருத்தி சுவரோடு பேசுவாள் என்று எழுதியிருந்தால், சுவரில் ஒட்டிய குறிப்பு அவளுக்கு மட்டும் கிடைக்கட்டும்.

அந்த வயதில் மறைமுகச் சோதனை வேண்டாம், ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார்கள். உடைக்குப் பழைய டீசட்டை, ஃபெல்ட் துணியில் சின்னம், ஒட்டுப்பட்டையில் பிடிக்கும் மேலங்கி போதும். மேலங்கியைக் கழுத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள். எங்காவது மாட்டினால் கழுத்தை நெரிக்கும். இரண்டு தோளிலும் 5 செ.மீ. ஒட்டுப்பட்டை தைத்தால், இழுத்தவுடன் கழன்றுவிடும்.